கறிவேப்பிலையா இந்தப் பெண்கள்?

(கலை இலக்கிய நண்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய பேச்சின் விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு ஆச்சரியம் ஏற்பட்டிருக்கலாம். விலைவாசியையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில், மேல்நாட்டு டெலிவிஷன் கதைகளைப் பற்றி, அதிலும் பெண்ணை நேசிக்கும் இளம் பெண்களை அந்தக் கதைகள் எப்படிக் காட்டுகின்றன என்பதைப் பற்றி, பேச்சு எதற்கு என்று நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

ஒரு வீட்டை மனக்கண்ணால் பாருங்கள். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒரு சாதாரணத் தொழிலாளியின் வீடு. கூடத்தில் டெலிவிஷன் பெட்டி. அதன் முன்னால் அப்பா, அம்மா, தம்பி. ஓரத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண். தோழிகள் பையன்களைப் பற்றிப் பேசிச் சிரிக்கும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அவள் மனம் ஒரு பெண்ணிடம் போயிருக்கிறது. இதை அவள் யாரிடம் சொல்லுவாள்? தாயிடம் சொல்லப் பயம். பள்ளியில் சொன்னால் கேலி. மாதா கோயிலில் சொன்னால் பாவம் என்பார்கள்.

ஏழையின் பிள்ளைக்கு ஏழைத் தாய் தகப்பன் இருக்கிறார்கள். கறுப்பு நிறத்துப் பிள்ளையை உலகம் இகழ்ந்தால், அதே இகழ்ச்சியைத் தாங்கி நின்ற தாய் அவனை அணைத்துக்கொள்ள வீட்டில் இருக்கிறாள். ஆனால் இந்தப் பெண்ணுக்கு அவளைப் போன்றவர் ஒருவரும் பெரும்பாலும் வீட்டில் இல்லை. வீதியில் இருந்தாலும் அடையாளம் தெரிவதில்லை. ஆகவே அவள் பெட்டியைப் பார்க்கிறாள். ஒரே ஒரு கேள்வியோடு பார்க்கிறாள்: "என்னைப் போன்றவள் உயிரோடு இருப்பாளா? வளர்ந்து, வேலைக்குப் போய், வீடு வைத்து, தலை நரைக்கும்வரை வாழ்வாளா?"

இந்தக் கேள்விக்கு அந்தப் பெட்டி பல்லாண்டு காலம் சொல்லிவந்த பதில் ஒன்றுதான்: "மாட்டாள்." இந்தப் பதிலை எழுதியது யார்? எதற்காக எழுதினார்கள்? இதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

இப்படிப்பட்ட பெண்களை லெஸ்பியன் என்பார்கள். தமிழில் இப்போது தன்பாலீர்ப்புப் பெண் என்றும் வழங்குகிறார்கள். நாம் எளிமையாகப் பெண்ணை நேசிக்கும் பெண் என்றே சொல்லிக்கொள்வோம்.

தபால் பையில் பிறந்த விதி

கதையில் இவள் சாகவேண்டும், அல்லது பைத்தியமாகவேண்டும் என்ற விதி டெலிவிஷன் கண்டுபிடித்ததல்ல. அதற்கு முன்பே மலிவுப் பதிப்புப் புத்தகங்களில் அது இருந்தது. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் "ஸ்பிரிங் ஃபயர்" என்ற நாவல் வெளிவந்தது. எழுதியவர் மேரிஜேன் மீக்கர் என்ற இளம் பெண். வின் பாக்கர் என்ற ஆண்பெயரில் எழுதினார். ஒரு கல்லூரி விடுதியில் இரண்டு மாணவிகள் ஒருவரையொருவர் நேசிக்கும் கதை. பிரசுராலயத்தின் ஆசிரியர் அவரிடம் ஒரு நிபந்தனை போட்டார்: கதை இன்பமாக முடியக்கூடாது. ஏன்? புத்தகங்கள் தபாலில் போகவேண்டும். இந்தக் காதலைப் பாராட்டுவதுபோல் கதை முடிந்தால் தபால் இலாகா புத்தகக் கட்டுகளைப் பறிமுதல் செய்துவிடும். ஆகவே ஒருத்தி சித்தம் கலங்கவேண்டும். மற்றொருத்தி, தான் அவளை உண்மையில் நேசிக்கவே இல்லை என்று திரும்பிவிடவேண்டும். அப்படியே எழுதப்பட்டது. புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது!

இதை நன்றாகக் கவனியுங்கள். அந்தக் கதையின் முடிவை எழுதியது எழுத்தாளரின் பேனா அல்ல. வாழ்க்கையின் உண்மையும் அல்ல. சரக்குப் பத்திரமாகக் கடை போய்ச் சேரவேண்டும் என்ற வியாபாரக் கவலையும், தபால் இன்ஸ்பெக்டரின் பயமும் சேர்ந்து எழுதிய முடிவு அது. காதலைக் காட்டிக் காசு பண்ணலாம். ஆனால் தண்டனை கொடுத்துத்தான் முடிக்கவேண்டும். முதலில் ஆசை காட்டு, பிறகு அடி. இந்தச் சூத்திரம்தான் புத்தகத்திலிருந்து திரைக்கும், திரையிலிருந்து டெலிவிஷனுக்கும் கைமாறி வந்தது.

இருட்டாக்கப்பட்ட முத்தம்

அமெரிக்க டெலிவிஷன் முதலில் இவர்களை எப்படிக் காட்டியது? 1974 செப்டம்பரில் என்.பி.சி. கம்பெனி "பார்ன் இன்னசன்ட்" என்ற படத்தை ஒளிபரப்பியது. வீட்டைவிட்டு ஓடிய பதினான்கு வயதுச் சிறுமி சீர்திருத்தப் பள்ளியில் அடைபடுகிறாள். அங்கிருக்கும் மற்றப் பெண்கள் அவளைக் கொடுமைப்படுத்துகிறார்கள். பெண்ணை நாடும் பெண் என்றால் இருட்டு மூலையில் பதுங்கியிருக்கும் மிருகம் என்ற எண்ணத்தையே அந்தக் காட்சி பார்ப்பவர் மனத்தில் பதித்தது. கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த நம் பெண் அன்று என்ன கற்றிருப்பாள்?

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்தன. 1993 ஏப்ரலில் சி.பி.எஸ். கம்பெனியின் "பிக்கெட் ஃபென்சஸ்" தொடரில் ஒரு சிற்றூர் ஷெரீப்பின் மகள் கிம்பர்லி தன் தோழியை முத்தமிடுகிறாள். இளம் பெண்ணின் குழப்பத்தை மரியாதையோடு சொல்ல முயன்ற கதை அது. ஆனால் என்ன நடந்தது? அந்தக் காட்சி இருட்டாக்கப்பட்ட பிறகே ஒளிபரப்பாயிற்று. துப்பாக்கிச் சூட்டையும் கத்திக் குத்தையும் பட்டப்பகல் வெளிச்சத்தில் காட்டத் தயங்காத கம்பெனிகளுக்கு, இரண்டு பெண்களின் அன்பைக் காட்டும்போது மட்டும் விளக்கை அணைக்கவேண்டியிருந்தது!

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? டெலிவிஷன் கம்பெனி ஜனங்களுக்கு நிகழ்ச்சியை விற்கவில்லை. விளம்பரதாரருக்கு ஜனங்களை விற்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். 1997 ஏப்ரல் 30ஆம் தேதி ஏ.பி.சி.யின் "எல்லென்" தொடரில் கதாநாயகி, தான் பெண்ணை நேசிப்பவள் என்று வெளிப்படையாகச் சொன்னாள். சுமார் நான்கு கோடி இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். இத்தனை கூட்டம் கூடியும் கிரைஸ்லர் மோட்டார் கம்பெனி போன்ற பெரிய விளம்பரதாரர்கள் அன்று ஒதுங்கி நின்றார்கள். அலபாமா மாகாணத்தின் பர்மிங்ஹாம் நகர நிலையம் ஒளிபரப்பவே மறுத்தது. பிறகு வந்த நிகழ்ச்சிகளின் தலையில் "பெற்றோர் கவனத்துக்கு" என்று எச்சரிக்கை ஒட்டினார்கள். 1998ல் தொடர் நிறுத்தப்பட்டது.

பயம் ஒரு பக்கம். ஆசை மறு பக்கம். அமெரிக்காவில் பிப்ரவரி, மே, ஜூலை, நவம்பர் மாதங்களில் எந்த நிலையத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள். அதை வைத்தே விளம்பரக் கட்டணம் நிர்ணயமாகும். அந்த மாதங்களில் கூட்டம் சேர்க்கவேண்டுமே! அதற்கு மலிவான உபாயமாக இரண்டு பெண்களின் முத்தம் பயன்பட்டது. 2005 பிப்ரவரியில் ஃபாக்ஸ் கம்பெனியின் "தி ஓ.சி." தொடரில் பணக்காரப் பெண் மரிசாவுக்கு அலெக்ஸ் என்ற பெண்ணின் மேல் காதல் வந்தது. கணக்கெடுப்பு முடிந்தது, காதலும் முடிந்தது. சில வாரங்களில் அலெக்ஸ் கதையைவிட்டுப் போனாள். மரிசா பழைய காதலனிடம் திரும்பினாள்.

மரிசாவாக நடித்த மிஷா பார்ட்டனே மூன்று ஆண்டுகளுக்கு முன், 2002 மார்ச்சில், "ஒன்ஸ் அண்ட் அகெய்ன்" தொடரில் கேட்டி என்ற பள்ளி மாணவியாக வந்திருக்கிறார். அங்கே கேட்டியும் ஜெஸ்ஸியும் தயங்கித் தயங்கித் தம் மனத்தைச் சொல்லிக்கொள்வதை எவ்வளவோ மென்மையாக, உண்மையாக எழுதியிருந்தார்கள். நடிகை அவரேதான். வித்தியாசம் எதில்? ஒன்றில் பெண்ணின் மனம் கதைக்கு விஷயம். மற்றொன்றில் அது கூட்டம் சேர்க்கும் தமுக்கு. மென்மையான அந்தத் தொடருக்கு ஆயுள் நீளவில்லை. அடுத்த மாதமே முடிந்துபோயிற்று.

வாசனைக்குக் கறிவேப்பிலையைப் போடுகிறோம். சாப்பிட உட்கார்ந்ததும் எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிடுகிறோம். அந்த மரியாதைதான் இந்தப் பெண்களுக்குக் கிடைத்தது.

லிவர்பூல் வீதியில்

இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே 1988ல் ஒரு சட்டம் வந்தது. உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு என்று அதற்குப் பெயர். உள்ளாட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை "ஊக்குவிக்க"க் கூடாது என்றது அது. விளைவு? பள்ளி ஆசிரியர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு மாணவி அழுதுகொண்டு வந்து நின்றாலும் ஆறுதல் சொல்ல அஞ்சினார்கள். ஸ்காட்லாந்தில் 2000 வரையிலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 வரையிலும் இந்தச் சட்டம் இருந்தது.

பள்ளிக்கூடம் ஊமையாக்கப்பட்டிருந்த அந்தக் காலத்தில், 1994 ஜனவரியில், நான்காவது சேனலின் "புரூக்சைடு" தொடரில் பெத் ஜோர்டாஷ் என்ற இளம் பெண் தன் தோழி மார்கரெட்டை முத்தமிட்டாள். லிவர்பூல் நகரத்துச் சாதாரணக் குடும்பங்களின் கதை அது. குழந்தைகளும் விழித்திருக்கும் முன்னிரவு நேரத்தில் பிரிட்டிஷ் டெலிவிஷன் அப்படியொரு காட்சியைக் காட்டியது அதுவே முதல் தடவை. பெத் மிருகமல்ல; காட்சிப் பொம்மையும் அல்ல. தகப்பனின் கொடுமையில் வெந்த குடும்பத்தின் மூத்த மகள். தாய்க்கும் தங்கைக்கும் அரணாக நின்றவள். ஆசிரியர்கள் சொல்லப் பயந்ததை வீதிச் சண்டையும் அடுக்களைப் பேச்சும் நிறைந்த ஒரு நாடகம் சொல்லிவிட்டது.

ஆனால் பெத்தின் கதி என்ன ஆயிற்று? கொடிய தகப்பனின் கொலைக்காகத் தாயும் அவளும் சிறை சென்றார்கள். 1995ல் பெத் சிறையிலேயே இதய நோயால் செத்தாள் என்று முடித்துவிட்டார்கள். நடித்த அன்னா ஃப்ரியல் தொடரைவிட்டு விலகினார் என்பது வாஸ்தவம். ஒரு பெண் கதையைவிட்டுப் போக நூறு வழி உண்டு. வேலை கிடைத்து வெளியூர் போகலாம், விடுதலையாகிப் புது வாழ்வு தொடங்கலாம். அவர்களுக்குத் தோன்றியது சவப்பெட்டிதான். அந்த முத்தக் காட்சி 2012 ஜூலையில் லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் உலகமே பார்க்க ஒரு கணம் திரையில் மின்னியது. முத்தத்துக்குப் பெருமை கிடைத்தது. முத்தமிட்ட பெண்ணுக்கு ஆயுள் கிடைக்கவில்லை.

அதே நாட்டில் 2009லும் 2010லும் "ஸ்கின்ஸ்" தொடரில் நவோமி, எமிலி என்ற இரண்டு மாணவிகளின் காதல் பல இடையூறுகளைத் தாண்டி நல்லபடியாக முடிந்தது. பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். 2013ல் என்ன செய்தார்கள் தெரியுமா? முடிந்த கதையைத் திரும்பத் திறந்து, நவோமிக்குப் புற்றுநோயைக் கொடுத்து மரணப் படுக்கையில் கிடத்தினார்கள். நன்றாக இருப்பவர்களைத் தேடிப்பிடித்துக் கெடுப்பது என்பது இதுதான்!

குறி தவறும் குண்டு

இனி, இந்த விஷயத்தில் மிகப் பிரபலமான இரண்டு சாவுகளைப் பார்ப்போம்.

"பஃபி" என்பது பேய்களை வேட்டையாடும் ஒரு பெண்ணின் கதை. அதில் 1999 இறுதியில் டாரா என்ற கல்லூரி மாணவி வந்தாள். கூச்ச சுபாவம், திக்கித் திக்கிப் பேசுவாள். வில்லோ என்ற மாணவிக்கும் அவளுக்கும் அன்பு மலர்ந்தது. 2000ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றில் டாராவின் தகப்பனும் அண்ணனும் வருகிறார்கள். "நம் குடும்பத்துப் பெண்களுக்குள் பேய் இருக்கிறது, வயது வந்ததும் வெளிவரும், வீட்டுக்கு வந்து அடங்கி இரு" என்கிறார்கள். அது பச்சைப் பொய் என்று வெட்டவெளிச்சமாகிறது. பெண்களை அடுப்படியில் கட்டிவைக்கத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பொய்! தோழர்கள் எழுந்து டாராவுக்கு முன்னால் நின்று, "நாங்கள்தான் இவள் குடும்பம்" என்கிறார்கள். வீட்டில் ஒதுக்கப்பட்ட எத்தனை பெண்கள் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருப்பார்கள்! இவ்வளவு நல்ல காட்சியை எழுதத் தெரிந்தவர்கள்தான் அவர்கள்.

2002 மே 7ஆம் தேதி. பிரிந்திருந்த வில்லோவும் டாராவும் திரும்பச் சேர்ந்து ஒரு நாள்தான் ஆகிறது. டாராவாக நடித்த ஆம்பர் பென்சனின் பெயர் தொடக்க நடிகர் வரிசையில் முதல் முறையாக அன்றுதான் வந்தது. தோட்டத்தில் ஒரு கயவன் பஃபியைச் சுட்டான். குறி தவறிய ஒரு குண்டு மாடி ஜன்னலைத் துளைத்துக்கொண்டு வந்து டாராவின் நெஞ்சில் பாய்ந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது! ஒருத்தி பிணமானாள்; மற்றொருத்தி வெறி பிடித்துக் கொலைகாரியானாள். 1952ல் பிரசுராலயத்து ஆசிரியர் கேட்ட முடிவு ஐம்பது ஆண்டு கழித்தும் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. இப்போது தபால் இன்ஸ்பெக்டர்கூட வாசலில் நிற்கவில்லை!

பதினான்கு ஆண்டுகள் சென்றன. "தி ஹன்ட்ரட்" என்ற தொடர். அணுப் போரில் அழிந்த பூமியில் இளைஞர்கள் புது வாழ்வு தேடும் கதை. அதில் லெக்ஸா என்ற இளம் பெண் பன்னிரண்டு குலங்களுக்குத் தலைவி, வீரம் மிக்கவள், பெண்ணை நேசிப்பவள். கதாநாயகி கிளார்க்கும் அவளும் நேசிக்கிறார்கள். படக்குழுவினர் சமூக வலைத்தளங்களில் ரசிகைகளோடு பேசி, நம்பிக்கையை வளர்த்தார்கள். 2016 மார்ச் 3ஆம் தேதி கிளார்க்கும் லெக்ஸாவும் மனம் விட்டு ஒன்றுசேர்ந்தார்கள். சில நிமிஷங்கள்தான். லெக்ஸாவின் சொந்த ஆலோசகன் கிளார்க்கைக் குறிவைத்துச் சுட்டான். குறி தவறியது. லெக்ஸா செத்தாள்.

மறுபடியும் குறி தவறிய குண்டு! போர்க்களத்தில் மடியவும் கொடுத்துவைக்கவில்லை அந்தத் தலைவிக்கு. நாம் கேட்கிறோம்: கதையில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். இந்தக் குண்டுகள் மட்டும் வழி தவறி வந்து ஏன் இவள் மார்பையே தேடிப் பாய்கின்றன?

அவர்கள் சொல்லும் சமாதானம்

"நாடகம் என்றால் சாவு உண்டு, எல்லாப் பாத்திரங்களும் சாகிறார்கள், இவள் மட்டும் அமரத்துவம் பெற்றவளா?" என்று கேட்கிறார்கள்.

இதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட விரும்பவில்லை. சோகம் இல்லாமல் இலக்கியம் இல்லை. எழுத்தாளரின் கையைக் கட்டிப்போட்டு, "எல்லாரையும் வாழவை" என்று உத்தரவு போடுவது நம் நோக்கமல்ல. தனித்தனியாகப் பார்த்தால் டாராவின் சாவுக்கும் காரணம் சொல்லலாம். நடிகை வேறு தொடருக்குப் போனதால் லெக்ஸா போகவேண்டியிருந்தது என்றும் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறார்கள்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! ஒரு தொடரில் ஆணை நேசிக்கும் பெண்கள் இருபது பேர் இருப்பார்கள். ஒருத்தி செத்தால் பத்தொன்பது பேர் வாழ்வார்கள். மணம் புரிவார்கள், சண்டை போடுவார்கள், பிள்ளை பெறுவார்கள். பெண்ணை நேசிக்கும் பெண்ணோ ஒருத்தியோ இருவரோதான். அவள் செத்தால் அந்த உலகத்தில் அவளைப் போன்றவர் பூண்டோடு போனார்கள் என்று அர்த்தம். நூறு தென்னை உள்ள தோப்பில் ஒரு மரம் விழுவதும், ஒற்றை மரம் வைத்திருப்பவனின் கொல்லையில் அது விழுவதும் ஒன்றாகுமா?

அமெரிக்காவில் ஊடகங்களைக் கண்காணிக்கும் கிளாட் என்ற அமைப்பு 2016 இறுதியில் கணக்குச் சொன்னது. அந்த ஓராண்டுக்குள் டெலிவிஷன் கதைகளில் பெண்ணை நேசிக்கும் பெண் பாத்திரங்கள் 25க்கு மேல் செத்திருந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் "ஆரஞ்ச் இஸ் தி நியூ பிளாக்" தொடரில் பூசி என்ற கறுப்பினத்து இளம் பெண், சிறைக் காவலனின் உடல் பாரத்தில் நசுங்கி மூச்சுத் திணறிச் செத்ததும் இந்த ஆண்டில்தான். தனித்தனியாகக் காரணம் சொல்லலாம். இருபத்தைந்துக்கும் சேர்த்து என்ன காரணம் சொல்வார்கள்?

பார்ப்பவர்கள் எழுந்தார்கள்

பார்ப்பவர்கள் வெறும் கூட்டம், காட்டியதைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள் என்று கம்பெனிகள் எண்ணியிருந்தன. 2016 மார்ச் அந்த எண்ணத்தைத் தகர்த்தது. லெக்ஸா செத்த இரவிலிருந்தே பல நாடுகளின் இளம் பெண்கள் ஒருவரையொருவர் தேடிப் பேசத் தொடங்கினார்கள். "நாங்கள் இதைவிட நல்ல கதைகளுக்குத் தகுதியுள்ளவர்கள்" என்பதே அவர்கள் முழக்கம். வெறுமனே வசைபாடிக்கொண்டு நிற்கவில்லை. தற்கொலை எண்ணத்தில் தவிக்கும் இளைஞர்களுக்குத் தொலைபேசியில் ஆறுதல் கூறும் டிரெவர் புராஜெக்ட் என்ற அமைப்புக்கு நிதி திரட்டினார்கள். சிறுகச் சிறுகச் சேர்ந்து சில வாரங்களில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. கதையில் செத்தவளின் பெயரால் நிஜத்தில் சிலரை வாழவைக்க எழுந்த முயற்சி இது!

தொடரின் தலைமை எழுத்தாளர் ஜேசன் ராதன்பர்க் அந்த மாதமே பகிரங்கமாக வருத்தம் தெரிவித்து எழுதினார். கனடாவில் டெலிவிஷன் எழுத்தாளர்கள் சிலர் ரசிகைகளோடு சேர்ந்து ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்தார்கள்; இப்படிப்பட்ட பாத்திரங்களை வேறு யாருடைய கதையையோ நகர்த்துவதற்காகக் கொல்லமாட்டோம் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் பிரச்னைக்குப் பெயர் வந்துவிட்டது. இனி ஒருவரும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. 2017 மார்ச்சில் லாஸ் வேகாஸ் நகரில் ரசிகைகள் தாங்களே ஒரு மாநாடு கூட்டினார்கள். கூடத்தின் ஓரத்தில் தனியே உட்கார்ந்திருந்த பெண், தன்னைப் போன்றவர்கள் நிறைந்த ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

குண்டு போய்க் கத்தரி வந்தது

அதோடு துன்பம் தீர்ந்ததா? தீரவில்லை. பழைய கள், புதிய மொந்தை. பாத்திரத்தைக் கொன்றால் கூச்சல் எழுகிறது. ஆகவே இப்போது தொடரையே நிறுத்திவிடுகிறார்கள். 2022 ஜூன் 10ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி "ஃபர்ஸ்ட் கில்" என்ற தொடரை வெளியிட்டது. ஜூலியட், கல்லியோப்பி என்ற இரண்டு பள்ளிப் பெண்களின் காதலே அதன் மையம். ஆகஸ்ட் தொடக்கத்தில் தொடர் ரத்து. இரண்டு மாத ஆயுள்கூட இல்லை! அதே ஆண்டில் அமேசான் கம்பெனியின் "தி வைல்ட்ஸ்", நெட்ஃபிளிக்ஸின் "வாரியர் நன்" என்று பெண்ணை நேசிக்கும் இளம் பெண்கள் முக்கிய இடம் பெற்ற தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மற்றக் கதைகளும் ரத்தாகின்றன என்பது வாஸ்தவம். ஆனால் கதை பாதியில் அறுந்தால், ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதைக்கு ஆயிரம் மாற்று உண்டு. இவர்களுக்கு?

குழந்தைகள் பார்க்கும் சித்திரக் கதைகளில் வெகுநாளாகவே இந்தக் கத்தரி வேலை செய்துவந்தது. ஜப்பானின் "செய்லர் மூன்" கதையில் ஹாருகா, மிச்சிரு என்ற இரண்டு மாணவிகள் காதலர்கள். 2000ஆம் ஆண்டில் அதை ஆங்கிலத்தில் மாற்றியவர்கள் அவர்களை ஒன்றுவிட்ட சகோதரிகளாக்கிவிட்டார்கள்! வசனத்தை மாற்றினார்கள், கண்களில் தெரிந்த அன்பை மாற்ற முடியவில்லை. பார்த்த குழந்தைகளே குழம்பினார்கள். டிஸ்னி கம்பெனியின் "தி அவுல் ஹவுஸ்" சித்திரத் தொடரை உருவாக்கிய டானா டெரஸ், அதில் லூஸ், அமிட்டி என்ற இரண்டு சிறுமிகளின் அன்பைச் சொல்லத் தொடக்கத்தில் தமக்குத் தடை விதிக்கப்பட்டதாகவும், விடாமல் போராடி அனுமதி பெற்றதாகவும் பகிரங்கமாகவே கூறியிருக்கிறார். அந்தத் தொடரின் மூன்றாம் பருவமும் மூன்றே நிகழ்ச்சிகளாகச் சுருக்கப்பட்டது. ஆனாலும் 2023 ஏப்ரலில் அது முடிந்தபோது இரண்டு பெண்களும் உயிரோடு இருந்தார்கள், வளர்ந்தார்கள், சேர்ந்தே இருந்தார்கள்.

வாழ முடியும் என்ற சேதி

ஆம், வாழ்கிற கதைகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் நாமும் அந்தக் கம்பெனிகள் சொன்ன பதிலையே திருப்பிச் சொன்னவர்களாவோம்.

2005லிருந்து 2008 வரை வந்த "சௌத் ஆஃப் நோவேர்" தொடரில் ஸ்பென்சர், ஆஷ்லி என்ற பள்ளிப் பெண்களே கதாநாயகிகள். மகளின் மனத்தை ஏற்காத தாய், ஏற்க முயலும் தகப்பன் என்று ஒரு குடும்பத்தின் போராட்டம் முழுவதையும் அது காட்டியது. கடைசியில் இருவரும் உயிரோடு, சேர்ந்து நிற்கிறார்கள். "கிளீ" தொடரில் சந்தானா என்ற பெண், தன் பாட்டியிடம் உண்மையைச் சொல்கிறாள். பாட்டி வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிடுகிறாள். 2015ல் சந்தானாவுக்கும் பிரிட்டனிக்கும் கல்யாணம். அந்தப் பாட்டி வந்து உட்காருகிறாள். முழுக்க மனம் மாறிவிட்டதாகச் சொல்லவில்லை. ஆனாலும் பேத்தியை இழக்க மனமில்லாமல் வந்துவிட்டாள். இதுவல்லவா நாடகம்! குண்டு இல்லை, நோய் இல்லை; ஒரு கிழவியின் மனத்தில் நடந்த யுத்தம் இருக்கிறது. சாவு இல்லாமல் சோகமும் சுவையும் வராது என்பவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

இந்தத் தொடர்களெல்லாம் நம் ஊரிலும் கைபேசிக்குள் வந்துவிட்ட காலம் இது. பார்க்கும் பெண்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 2021ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது நினைவிருக்கும். ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம் பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கே தவறான எண்ணங்கள் இருந்ததை ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் பாடம் கேட்டுத் தெளிந்த பிறகே தீர்ப்பு எழுதினார். இப்படிப்பட்டவர்களை "மாற்றிவிடுகிறோம்" என்று சிகிச்சை செய்வதைத் தடுக்க உத்தரவிட்டார். நீதிபதி கற்றுக்கொள்ளும்போது கதை எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள முடியாதா? பார்க்கிற நாம் கற்றுக்கொள்ள முடியாதா?

ஆகவே தோழர்களே, இனி இப்படியொரு பாத்திரத்தைத் திரையில் பார்க்கும்போது, "காட்டிவிட்டார்களே!" என்று கைதட்டிவிட்டு எழுந்துவிடாமல் மூன்று கேள்விகள் கேட்போம். முதலாவது: இவளுக்குக் காதலைத் தவிர வேறு வாழ்க்கை இருக்கிறதா? வேலை, படிப்பு, தோழர்கள், கோபம், சிரிப்பு உண்டா? இரண்டாவது: இவளுடைய துன்பம் இவள் கதைக்காக எழுதப்பட்டதா, அல்லது வேறொருவரை அழவைக்க இவள் பலியாகிறாளா? மூன்றாவது: கதை முடியும்போது இவளுக்கு நாளை என்று ஒன்று இருக்கிறதா?

மூன்றுக்கும் சரியான பதில் இல்லையென்றால் சொல்லுவோம், எழுதுவோம், கம்பெனியின் காதில் விழும்படி கேட்போம். 2016ல் சில ஆயிரம் இளம் பெண்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கூடத்தின் ஓரத்தில் அந்தப் பதினாறு வயதுப் பெண் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். பெட்டியைப் பார்க்கிறாள், பக்கத்தில் இருக்கும் நம் முகத்தையும் பார்க்கிறாள். திரையில் அவளைப் போன்றவள் சிரிக்கும்போது நாம் முகம் சுளிக்கிறோமா, சேர்ந்து சிரிக்கிறோமா என்று கவனிக்கிறாள். கம்பெனிக்காரர் சொல்லும் பதிலை மாற்ற நாளாகலாம். நம் முகம் சொல்லும் பதிலை இன்றிரவே மாற்றலாம்.